வக்கீலாயிருந்து சேனாபதியானவர்

(பேராவூரணியில் நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



2018-ஆம் வருஷத்துக் கஜா புயலில் பாதித் தென்னந்தோப்பை இழந்த நம் அங்கத்தினர் ஒருவர், மிச்சத்தை ஒற்றி வைத்து மகனைச் சட்டம் படிக்க வைத்தார். "பையன் இப்பொழுது பட்டாளத்திற்குப் போகிறேன் என்கிறானே!" என்று சென்ற மாதம் என்னிடம் வந்து விசனப்பட்டார். அவருக்குக் கூறிய சரித்திரத்தையே இன்று தங்கள்முன் கூறத் துணிகிறேன்.

நம் சேதுபாவாசத்திரத்துக் கடலுக்கு அப்பாலுள்ள இலங்கையில், 1908-இல் பிறந்த தமிழர் அன்டன் முத்துக்குமாரு. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் கற்று, பாரிஸ்டராகித் தாய்நாடு திரும்பி, அட்வகேட்டாகத் தொழில் நடத்தினார். 1934-இல் இலங்கை இலகு காலாட்படையில் தொண்டர் அதிகாரியாகவும் சேர்ந்தார். நியாயஸ்தலம் ஒருபுறம், கவாத்து மைதானம் மறுபுறம். (இரண்டிடத்திலும் குரல் கணீரென்றிருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு பொருத்தம் எனக்குத் தோன்றவில்லை.)

இரண்டாம் உலக மகாயுத்தத்தில், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமை நிலையம் கண்டியில் இருந்தபோது, அதன் காவற்படைக்கு இவரே தலைவர். யுத்தம் ஓய்ந்தபின் வழக்குக் கட்டுகளிடம் திரும்பியிருக்கலாம். ஆனால் 1949-இல் சுதந்தர இலங்கை தனக்கென ஒரு சேனையை அமைத்தபோது, நாற்பத்தொரு வயதில் நிரந்தர இராணுவ உத்தியோகத்தையே ஏற்றார். முதலிரு தளபதிகளும் பிரிட்டிஷார். 1955 பிப்ரவரியில் அப்பதவியை அடைந்த முதல் சுதேசி இவரே.

அதன்பின்னரே சோதனை வந்தது. 1956-இல் சிங்களம் மாத்திரமே ஆட்சிமொழியென்று சட்டமாயிற்று. 1958-இல் கலகம் மூண்டு தமிழர் பலர் கொலையுண்டனர், வீடுகள் எரிந்தன. அவசரகால நிலையில் கலகத்தை அடக்கச் சென்ற சிப்பாய்களில் பெரும்பாலோர் சிங்களர், சேனாபதியோ தமிழர். தம் இனத்தார் அடிபடும் வேளையில் அப்பதவியை வகிப்பது எத்துணைச் சங்கடமென்பதைச் சபையோர் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். 1959 இறுதிவரை, பிரதமர் மூவரின் காலத்தில், அவர் பதவியில் நிலைத்திருந்தார். கட்சிக்காரன் எவனாயினும் சட்டத்தின்படியே பேசிப் பழகிய வக்கீல் நெஞ்சமே அதற்குத் துணையாயிற்றென்பது அடியேன் அபிப்பிராயம். அவருக்குப்பின் அந்த ஸ்தானத்தில் தமிழர் எவரும் அமரவில்லை.

பின்னர் அயல்நாடுகளில் இலங்கையின் ஸ்தானிகராக இருந்தார். 1987-இல் இலங்கையின் இராணுவ சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். 2001-இல் ஆஸ்திரேலியாவில் காலமானார்.

நம் நாட்டுச் சேனையிலும் சட்டப் பட்டதாரிகளுக்கெனத் தனிப்பிரிவு உண்டு. இராணுவ நீதிமன்றங்களில் சட்டம் எடுத்துரைப்பது அவர்கள் கடமை. பெண்மக்களும் சேரலாம். பயிற்சி தருவது நம் சென்னைப் பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகமே.

அந்தப் பையன் மனுப் போட்டுவிட்டான். தகப்பனார் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்; இன்னும் வாய்திறந்து சம்மதம் சொல்லவில்லை.