ஆங்கில நாட்டு மிதிவண்டி வழிகள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கம்பனையும் இளங்கோவையும் பேசிப் பழகிய இம்மேடையில் மிதிவண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். முன்வரிசையில் சிலர் புன்முறுவல் பூப்பதைக் காண்கிறோம். அதுவும் நம் ஊர் மிதிவண்டி அன்று; இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் மக்கள் உல்லாசமாகப் பயணஞ் செய்யும் மிதிவண்டி வழிகள்! யாம் அந்நாட்டில் அடியெடுத்து வைத்தவரல்லோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் பல்லாண்டுகளாக அந்நாட்டு நில அளவைத் துறையாரின் வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு, இரவு உணவுக்குப் பின் விரல் நுனியாலேயே அவ்வழிகளிற் சென்று வருகிறோம். இரயில்வே குமாஸ்தா ஒருவர்க்கு இப்பித்து ஏன் பிடித்தது என்பதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

இங்கிலாந்தில் வானளாவிய மலைகள் இல்லை. அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமே 978 மீட்டர்தான். ஆனால் பல பகுதிகளில் நிலம் அலை அலையாக எழுந்து தாழ்ந்துகொண்டே இருக்கும். பழைய சாலைகள் குன்றைச் சுற்றிச் செல்வதுமுண்டு. நேரே அதன் முதுகின்மேல் ஏறி இறங்குவதுமுண்டு. அவர்களுடைய வரைபடத்தில் 7 அடிக்கு 1 அடி ஏறும் சாலைக்கு ஓர் அம்புக்குறியும், 5 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏறும் சாலைக்கு இரண்டு அம்புக்குறிகளும் இட்டிருப்பார்கள். இரண்டு அம்புகளைக் கண்டால் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இத்தகைய நாட்டில் மிதிவண்டிச் சுற்றுலா செழித்தது வியப்பே. 1878-ஆம் ஆண்டிலேயே, முன்சக்கரம் ஆளுயரம் இருந்த காலத்தில், ஹாரோகேட் நகரில் மிதிவண்டிப் பயணிகள் ஒரு சங்கம் கண்டனர். தங்கள் அங்கத்தினர்க்கு உணவும் படுக்கையும் தரத்தக்க விடுதிகளின் சுவரில் சிறகு முளைத்த சக்கரச் சின்னத்தைப் பதித்தனர். செங்குத்தான இறக்கங்களின் உச்சியில் அபாய அறிவிப்புப் பலகைகளையும் தாங்களே நட்டனர். நாம் இன்று ஓட்டும் வடிவத்து மிதிவண்டியை கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் 1885-இல் வெளியிட்டார்; டன்லப்பின் காற்றடைத்த டயர் 1888-இல் வந்தது. அதன்பின் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும்கூட ஞாயிறுதோறும் நகரத்துப் புகையை விட்டு வெளியேறத் தொடங்கினர். நம் தந்தையர் வாடகைக்கு எடுத்து முழங்கால் சிராய்த்துப் பழகிய ஹெர்குலிஸ் வண்டியும் பர்மிங்ஹாமிற் பிறந்ததே. சென்னையில் அதனைச் செய்வதற்கென 1949-இல் கம்பெனி தொடங்கப்பட்ட கதையை இங்குள்ள முதியோர் எம்மினும் நன்கறிவர்.

இனி எம் தொழிலுக்கு உரிய செய்திக்கு வருகிறோம். மிதிவண்டியின் பகை ஏற்றம். இரயில் எஞ்சினின் பகையும் அதுவே! இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் வழுக்கும். ஆதலின் 100 அடிக்கு 1 அடி ஏறுவதென்றாலே எஞ்சின் மூச்சு வாங்கும். 60-க்கு 1 என்றால் ஓட்டுநர் கவலை கொள்வார். இதன் பொருட்டே பழைய எஞ்சினியர்கள் குன்றைக் குடைந்தனர், மேட்டை வெட்டினர், பள்ளத்திற் கரை எழுப்பினர், ஆற்றின்மேல் உயர்ந்த பாலங்கள் கட்டினர். எஞ்சினுக்காகச் செய்த இவ்வளவு உபசாரமும் பிற்காலத்தில் சைக்கிள்காரனுக்குப் போய்ச் சேரும் என்று அவர்கள் கனவிலும் கருதியிரார்.

போய்ச் சேர்ந்தது எப்படி? 1963-இல் டாக்டர் பீச்சிங் என்பார் பிரிட்டிஷ் இரயில்வேயைச் சீரமைப்பது பற்றி அறிக்கை தந்தார். சுமார் 5,000 மைல் பாதையையும் 2,363 நிலையங்களையும் மூடலாம் என்றது அது. முன்னரே மூடப்பட்டவை வேறு. அவ்வறிக்கையை எத்தனை நிலைய அதிகாரிகளும் போர்ட்டர்களும் எத்தகைய மனத்தோடு படித்திருப்பர் என்பதை எம்போன்றோர் எளிதில் உணரலாம்.

மூடிய பாதைகளுள் ஒன்று பிரிஸ்டல் நகருக்கும் பாத் நகருக்கும் இடைப்பட்டது. 1966-இல் பயணி வண்டிகள் நின்றன. 1977-இல் பிரிஸ்டல் அன்பர்கள் சிலர் கூடி, தண்டவாளம் பெயர்க்கப்பட்ட அந்நிலத்தில் மிதிவண்டிக்கும் நடப்பவர்க்கும் வழியமைக்க முனைந்தனர். 1979-இல், தொண்டர்கள் மண்வெட்டி பிடித்து, வேலை தொடங்கியது. 1986-இல் 13 மைலும் நிறைவெய்தின. ஏவான் ஆற்றைப் பன்முறை கடந்து, ஸ்டேபிள் ஹில் குகைப்பாதையின் விளக்கொளியில் ஏறக்குறைய 500 கஜம் ஊடுருவி அவ்வழி செல்கிறது. இக்குழுவே பின்னர் சஸ்ட்ரான்ஸ் என்ற பெயருடன் வளர்ந்து, நாடெங்கும் மிதிவண்டி வழிகளைப் பிணைத்தது. நீலப் பலகையில் வெண்மிதிவண்டி, சிவப்புக் கட்டத்தில் வழியின் எண்; இதுவே அவற்றின் அடையாளம்.

எம் விரல் அடிக்கடி தங்கும் வழி வேறொன்று. டெர்பிஷயரில் ஆஷ்போர்ன் ஊரிலிருந்து பார்ஸ்லி ஹே வரை 13 மைல் செல்லும் டிஸ்ஸிங்டன் வழி. அதுவும் பழைய இருப்புப்பாதையே. 1971-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம், சாந்தின்றி அடுக்கிய கற்சுவர்கள், அவற்றிடையே ஆடுகள். பாதை வெட்டிய பள்ளங்களின் இருமருங்கும் வேனிலில் காட்டுப்பூக்கள். குழந்தையும் இளைப்பின்றி ஏறும் வாட்டம். ஹார்ட்டிங்டன் நிலையத்தின் சிக்னல் அறையை மட்டும் இடிக்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள். வண்டி இல்லை, கைகாட்டி இல்லை. சிக்னல் அறை மட்டும் இருக்கிறது. அதனைக் காண்பதற்காகவேனும் ஒருமுறை அங்குச் செல்ல வேண்டும் என்பது எம் விருப்பம்.

பழைய இருப்புப்பாதை எல்லாம் சமமானது என்று மயங்கிவிடவும் கூடாது. பார்ஸ்லி ஹேயில் வந்து கூடும் ஹை பீக் வழி, 1830-1831-இல் திறந்த மிகப் பழைய பாதை. அதனை வகுத்தவர்கள் கால்வாய் வெட்டிய மரபினர். ஆதலின் நெடுந்தொலைவு சமமாகச் செல்வதும், பிறகு மதகுபோல் ஒரே மூச்சில் ஏறுவதுமாக அமைத்துவிட்டார்கள். மிடில்டன் சரிவு ஏறக்குறைய 8-க்கு 1! அங்கே வண்டிகளை நிலையான நீராவிப் பொறி கயிறு கட்டி இழுத்தது. சைக்கிள்காரனை இழுக்க யாரிருக்கிறார்கள்?

இப்போது எம் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். எம் தந்தையார் ஒரு சிறு கிளைப்பாதையிற் பணியாற்றியவர். யாம் பள்ளியிற் படிக்கும்போது அப்பாதை மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், சல்லியை அள்ளினார்கள், ஸ்லீப்பர் கட்டைகள் அடுப்பெரிக்கப் போயின. சில ஆண்டுகளில் ஒரு புறம் வேலி, மறுபுறம் மாட்டுக் கொட்டகை, நடுவே யாரோ தோண்டிய குழி. தந்தையார் மாலையில் அப்பக்கம் நடந்து போவார், ஓரிடத்தில் வேலி மறிக்கும், திரும்பி வருவார். வீட்டில் ஒரு சொல்லும் சொல்லமாட்டார். பின்னர் டிஸ்ஸிங்டன் வழியின் படத்தை ஒரு பத்திரிகையிற் கண்டபோது எமக்கு முதலில் நினைவு வந்தது அவ்வேலிதான்.

இங்கிலாந்திலும் எல்லாம் நன்றாக நடந்துவிடவில்லை. மூடிய பாதைகள் பலவற்றைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள், பாலங்களை இடித்தார்கள். ஓரிடத்தில் ஒரு பாலம் போனாலும், ஒரு வீட்டுத் தோட்டம் குறுக்கே வந்தாலும், மீண்டும் தொடுப்பது அரிதிலும் அரிது. அவ்விடங்களில் சைக்கிள்காரன் மோட்டார் சாலைக்கு இறங்க நேரிடும். 2020-இல் சஸ்ட்ரான்ஸ் தன் வலைப்பின்னலை ஆராய்ந்து, ஏறத்தாழ நாலில் ஒரு பகுதி, அதாவது போக்குவரத்து மிகுந்த சாலைகள்மேற் சென்ற 3,700 மைலுக்கு மேற்பட்டதை, பட்டியலிலிருந்து நீக்கியோ வேறாக வகுத்தோ விட்டது. மைல் கணக்கைப் பெருக்கிக் காட்டுவதினும், பன்னிரண்டு வயதுப் பிள்ளை அஞ்சாது செல்லுமா என்று கேட்டது எமக்கு நேர்மையாகவே படுகிறது.

நம் சங்கத்தார் சிலரின் மக்கள் அங்கே பணிபுரிகின்றனர்; பெற்றோர் சென்று வருகின்றனர். செல்வோர்க்குச் சில குறிப்புகள். மே, ஜூன் மாதங்கள் நன்று; ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மழைச் சட்டை இன்றிப் புறப்படற்க. நம்மைப் போலவே அவர்களும் சாலையின் இடப்புறமே செல்வோர். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் நெடும்பயணத்தை மேற்கிலேயே தொடங்குவர்; மோர்க்கம்பிலிருந்து பிரிட்லிங்டன் வரை, கடலிலிருந்து கடலுக்கு, 170 மைல் செல்லும் ரோஜா வழியும் அப்படியே. குதிரை வழிகளில் மிதிவண்டி செல்ல 1968-ஆம் ஆண்டுச் சட்டம் இடந் தருகிறது. ஆனால் குதிரைக்கும் நடப்பவர்க்கும் வழிவிட வேண்டும். ஒற்றையடிப் பாதைகளில் அவ்வுரிமை இல்லை.

எவரேனும் ஹார்ட்டிங்டன் பக்கம் செல்ல நேர்ந்தால், அச்சிக்னல் அறையின் நிழற்படம் ஒன்று எமக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தபாற் செலவை யாமே ஏற்போம்.