கடல் விட்ட ஊர்



பேசத் தொடங்குமுன் ஒரு பொருளை இந்த மேசைமேல் வைக்கிறேன். பின்வரிசைக்குத் தெரியவில்லை என்றால் கூட்டம் முடிந்ததும் வந்து கையில் எடுத்துப் பாருங்கள். கைப்பிடி அளவுக் கல். எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியில் வேடு கட்டிய துணிமேல் பாரத்துக்கு என் அம்மா வைத்திருந்த கல். கல்லங்குறிச்சிப் பக்கம் கடலைக்கொல்லையில் களையெடுக்கப் போன நாளில் மடியில் போட்டுக்கொண்டு வந்தார். வெளிப்பக்கம் தடித்துக் குவிந்திருக்கும், உள்பக்கம் கிண்ணமாகக் குழிந்திருக்கும், முதுகில் மடிப்பு மடிப்பாக வரி ஓடும். "சிப்பிக் கல்லுடா, தூக்கிப் போட்டுடாத" என்பார்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் அம்மா சொன்னது முழு உண்மை. இது சிப்பிதான். 7 கோடி ஆண்டுகளுக்கு முன் உயிரோடு இருந்த சிப்பி. நூல்களில் இந்த இனத்தைக் கிரிஃபியா என்று எழுதுவார்கள். நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் அரியலூரிலிருந்து நேர் கிழக்கே போனால் கடற்கரைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவு தள்ளி ஒரு கடலைக்கொல்லையில் கடற்சிப்பிக்கு என்ன வேலை? முப்பது ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தக் கேள்வியைக் கேட்காத மாணவனை நான் பார்த்ததில்லை. பதில் தெரிந்து ஊர் திரும்பிய மாணவர்கள்தான் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இன்று இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

கடல் கொண்ட கதை தமிழனுக்குப் பாலோடு ஊட்டப்பட்டது. கபாடபுரத்தைக் கொண்டது, பூம்புகாரைக் கொண்டது என்று கேட்டே வளர்ந்தோம். கடல் ஒரு நிலத்தின்மேல் நான்கைந்து கோடி ஆண்டுகள் கிடந்துவிட்டு, பின்பு அதை விட்டுப் போன கதையை நமக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கதை நடந்த இடம் இது.

அன்றைக்கு இந்தியா இந்த இடத்திலேயே இல்லை. ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டிக்கிடந்த கோண்டுவானா என்ற பெருநிலத்தின் ஒரு துண்டாக, பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே இருந்தது. அந்தப் பெருநிலம் பிளந்து அண்டார்டிகா விலகத் தொடங்கியபோது, நம்முடைய கிழக்கு ஓரம் விரிசல் கண்டு உள்ளே இறங்கியது. அந்தப் பள்ளத்துக்கு அறிஞர்கள் காவிரிப் படுகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காவிரி என்ற ஆறு பிறப்பதற்கு வெகு காலம் முந்திய பள்ளம் அது. உலகம் முழுவதும் கடல்மட்டம் உயர்ந்திருந்த காலம். நீர் உள்ளே வந்தது. மேற்கே பெரம்பலூர்ப் பக்கத்துக் கருங்கல் நிலம்வரை வந்து முட்டி நின்றது. அந்தக் கருங்கல்தான் அன்றைய கடற்கரை.

மாணவர்களே, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஊட்டத்தூரில் ஏறி, அரியலூர் வழியாகச் செந்துறை வரைக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். நேர்கோட்டில் 40 கிலோமீட்டர்தான். இங்கே பாறை அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்து கிடக்கின்றன. அதனால் மேற்கே மூத்தது, கிழக்கே இளையது. ஒரு கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்தால் சராசரியாகப் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிடுகிறீர்கள்.

முதலில் கல்லக்குடி. டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றச் சொல்லி 1953-இல் கலைஞர் தண்டவாளத்தில் தலை வைத்த ஊர். அங்கிருக்கும் சுண்ணாம்புக்கல்லில் பவளமும் கடற்பாசியும் இறுகிக் கிடக்கின்றன. 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. இராமேசுவரத்துப் பக்கம் பவளத்திட்டு பார்த்திருப்பீர்களே, அப்படி வெதுவெதுப்பான, தெளிந்த, ஆழம் குறைந்த கடல் அங்கே இருந்தது. ஊர்ப்பெயர் மாறியும் நிலவியல் நூல்களில் அந்தப் பாறைக்கு டால்மியாபுரம் படிவம் என்றே பெயர் நிற்கிறது.

அடுத்து காரை. மழை அறுத்து அறுத்து, புல் முளைக்காத செம்மஞ்சள் களிமண் மேடுகளாகக் கிடக்கும் நிலம். கடல் ஆழமாகி, அடியில் சேறு படிந்த காலத்து மண் அது. நடக்கும்போது காலடியில் துப்பாக்கித் தோட்டா மாதிரி கூரான கற்கள் தட்டுப்படும். பெலம்னைட் என்று பெயர். கணவாய் மீனின் தொன்மையான உறவு இனம் ஒன்றின் உடலுக்குள் இருந்த ஓடு. அவற்றுக்கு நடுவே சுருள் சுருளாக அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடுகள். கண்டகி ஆற்றிலிருந்து வந்து நம் வீடுகளில் துளசியோடு பூசை பெறும் சாளக்கிராமத்தை உடைத்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது இதே இனம்தான். அது வாழ்ந்தது இமயத்துக் கடலில், அந்தக் கடல் நம்முடையதைவிட மூத்தது.

பக்கத்தில் சாத்தனூர். 18 மீட்டர் நீள மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்குப் பின்னாளில் முதல் இந்தியத் தலைவராக அமர்ந்த தமிழர் அவர். கரையில் வளர்ந்த மரம் வெள்ளத்தில் சாய்ந்து, கடலுக்கு அடித்துவரப்பட்டு, சேற்றில் புதைந்து, மரநார் இருந்த இடமெல்லாம் கனிமம் ஏறிக் கல்லானது. பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என் ஊர்ப்பக்கம் வருகிறேன். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல். அம்மாவின் சிப்பிக் கல் பிறந்த பாறை. மைன்ஸில் வேலை பார்க்கும் தம்பிகள் இங்கே இருக்கிறீர்கள், நான் சொல்வதில் பிழை இருந்தால் திருத்துங்கள். வெட்டிய சுவரில் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால், சிப்பி சிப்பியாகத் திரண்டு, கை வைக்க இடமில்லாமல் ஒரு படுகை ஓடும். ஒன்றின்மேல் ஒன்று பற்றி, தலைமுறை தலைமுறையாக வளர்ந்த சிப்பி மேடு அது. அலை வீசும் ஆழம் குறைந்த கடலில்தான் அப்படி வளரும். சில அடுக்குகளில் இனோசெராமஸ் என்ற பெரிய தட்டைச் சிப்பிகள். சிப்பிகளுக்கு இடையில் வலைப்பின்னல் போட்ட துண்டுகள் கிடக்கும். அவை பிரையோசோவா என்ற மிகச்சிறு விலங்குகள் கூட்டமாகக் கட்டிய வீடு. கடல் முள்ளெலி கிடைக்கும். அதன் முதுகை ஈரத்துணியால் துடைத்தால், யாரோ ஊசியால் குத்திக் கோலம் போட்டதுபோல ஐந்து இதழ்ப் பூ ஒன்று தெரியும். முதன்முதலில் அதை என் மாணவி ஒருத்தி துடைத்துக் காட்டிய அன்று, நான் பாடத்தை நிறுத்திவிட்டேன். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

சுண்ணாம்புக்கல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். கடல்நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பையும் கரியமில வாயுவையும் இழுத்து, ஒவ்வோர் உயிரும் தன் உடம்பைக் காக்கத் தானே கட்டிக்கொண்ட ஓடு. அந்த ஓடுகள் உடைந்து, அரைந்து, இறுகிய பாறை. நம் பாட்டிமார் வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீர் தெளித்துத் தாளித்தது. சிமென்ட் ஆலையின் சூளையில் நடப்பதும் அடிப்படையில் அதே காரியம். காளவாய்க்குப் போனது நேற்றைய கிளிஞ்சல். சூளைக்குப் போவது 7 கோடி ஆண்டுக் கிளிஞ்சல்.

கல்லங்குறிச்சியைத் தாண்டிக் கிழக்கே போனால் கல்லமேடு. அங்கே கடல் இல்லை. பின்வாங்கிவிட்டது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களியும் இருக்கின்றன. அந்த மண்ணில் டைனோசர் நடந்தது. 1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள் அங்கிருந்து ஒரு பெருவிலங்கின் எலும்புகளை விவரித்து, புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பெரிய உடல் கொண்டது என்று பொருள். கால் முன்னெலும்பு மட்டுமே 2 மீட்டர். உலகில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியது இதுதானோ என்று இன்றும் அறிஞர்கள் வாதிடுகிறார்கள். ஏன் வாதம்? எடுத்துப் பார்த்து முடிவு செய்ய அந்த எலும்பு இன்று இல்லை. பொடிந்து மண்ணாகிவிட்டது. படங்கள்தான் மிச்சம். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தடுமாறுகிறது, மன்னியுங்கள். 6 கோடி ஆண்டுக்கு மேல் மண் காப்பாற்றிக் கொடுத்ததை, வெளியே எடுத்த நம்மால் ஒரு தலைமுறை காப்பாற்ற முடியவில்லை.

அதே இருவர் 1979-இல் வேறோர் எலும்புக்குத் திராவிடோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முதுகில் தகடு கொண்ட டைனோசர் என்றார்கள் அவர்கள். பின்னாளில் சங்கர் சட்டர்ஜி வந்து, இது கடலில் நீந்திய வேறோர் ஊர்வன விலங்கு என்றார். யார் சரி என்பது இருக்கட்டும். பொருள் கையில் இருந்தால்தான் வாதம் முடிவுக்கு வரும், பார்த்தீர்களா?

கல்லமேட்டுக்கு அப்பால் நின்னியூர். கடல் மறுபடி வருகிறது. ஆனால் அது வேறு கடல். அம்மோனைட் ஒன்றுகூட இல்லை. இடைப்பட்ட காலத்தில்தான், 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், உலகத்தின் பெரும்பகுதி உயிரினங்கள் அழிந்தன. டைனோசர் போயிற்று, அம்மோனைட் போயிற்று. அம்மோனைட்டின் தூரத்துச் சொந்தமான நாட்டிலஸ் மட்டும் தப்பி, நின்னியூர்க் கல்லில் இருக்கிறது. இன்றைய பசிபிக் கடலிலும் உயிரோடு நீந்துகிறது. அந்தப் பேரழிவுக்கு முன்னும் பின்னும் இருந்த கடலைப் பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய ஊர் உலகில் எத்தனை இருக்கும்?

இதையெல்லாம் முதலில் படித்தவர்கள் யார்? 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் பொறுக்கியவை இலண்டனுக்குப் போயின. எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றுக்குப் பெயர் சூட்டினார். 1862-இல் வெளிவந்த ஹென்றி பிளான்ஃபோர்டின் நூலில்தான் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பாறைகளுக்கே நம் ஊர்ப்பெயர்கள் வந்தன. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா என்ற மொராவிய இளைஞர், கல்கத்தாவில் உட்கார்ந்து நம் சிப்பி, நத்தை, பவளம் ஒவ்வொன்றையும் வரைந்து விவரித்துப் பெருந்தொகுதிகளாக 1873 வரை வெளியிட்டார். மறு ஆண்டே இமயப் பயணத்தில் 36 வயதில் இறந்து, லேயில் அடக்கமானார். அவர் நினைவை நான் வணங்குகிறேன். அந்த நூல்களை இன்றும் உலகெங்கும் அம்மோனைட் ஆய்பவர்கள் புரட்டுகிறார்கள். அரியலூர் என்ற சொல் வியன்னாவில் தெரியும், டோக்கியோவில் தெரியும். நம் பிள்ளைகளுக்கு அது சிமென்ட் மூட்டையில் அச்சடித்த முகவரி.

2020-இல் குன்னம் பக்கம் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பரவியது. நிலவியலாளர்கள் வந்து, அம்மோனைட் போன்ற ஒன்றைச் சுற்றிக் கடலடிச் சேறு திரண்டு இறுகிய உருண்டைகள் என்று விளக்கினார்கள். உடனே பலர் ஏமாந்து கலைந்துவிட்டார்கள். எனக்கு அதுதான் வருத்தம். முட்டை இல்லை என்றால் என்ன? கடலடியில் இறந்து கிடந்த ஓர் உயிரை, சுற்றிலும் சேறு பந்தாகிப் பத்திரப்படுத்திய அதிசயம் போதாதா? அதைச் சொல்லித்தர அன்று அங்கே நம் ஊர்ப்பிள்ளை ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

சிமென்ட் ஆலைகளை மூடு என்று பேச நான் வரவில்லை. இந்த அவையில் பாதி வீடுகளில் உலை கொதிப்பது அந்தச் சுண்ணாம்பால். என் தம்பி பிள்ளைகள் அங்கேதான் வேலை செய்கிறார்கள். ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். அந்தச் சிப்பிகள் கடலிலிருந்து இழுத்துப் பூட்டி வைத்த அதே வாயு. கூடவே, யாரும் பார்க்காத, பெயர் வைக்காத உயிர்களின் சுவடுகளும் 1450 பாகை வெப்பத்தில் போகின்றன. டிப்பர் ஒன்று போகும்போது தூசி என்று முகத்தை மூடிக்கொள்கிறோம். அதில் என்ன போகிறது என்று ஒருமுறையாவது எட்டிப் பார்க்க வேண்டாமா?

நான் கேட்பது பெரிதில்லை. வெட்டி முடித்த ஒவ்வொரு மைன்ஸிலும் ஒரு சுவரை மட்டும் மூடாமல், சரியாமல் நிறுத்தி வையுங்கள். வேலி போட்டு, எந்த அடுக்கு எந்தக் காலம் என்று தமிழில் பலகை வையுங்கள். வாரணவாசியில் அருங்காட்சியகம் வந்திருக்கிறது, மகிழ்ச்சி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சிப்பியைப் பார்க்கும் பிள்ளை, அது இருந்த பாறையில் அதே சிப்பியைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டும். வெடி வைத்த மறுநிமிடம் சுவரை முதலில் பார்ப்பவர் தொழிலாளிதான். வித்தியாசமாக எலும்பு போலவோ சுருள் போலவோ கண்ணில் பட்டால் யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொன்னால் வேலை நிற்குமோ என்ற பயம் இருக்கக் கூடாது. ஊர்ப்புற நூலகங்களில் ஓர் அலமாரித் தட்டு ஒதுக்குங்கள். அவரவர் கொல்லையில் கிடைத்ததை, எந்த ஊர், எந்தப் புலம் என்று எழுதிக் கொண்டுவந்து வைக்கட்டும். இடம் எழுதாத கல் ஊமைக் கல். என் அம்மாவின் கல்லின் அடியில் கொல்லையின் பெயரை எழுதியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் இந்த ஊர் நூலகரிடம் ஒப்படைக்கப்போகிறேன். முதல் தட்டு இதிலிருந்து தொடங்கட்டும்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காரை மேட்டில் நிற்பேன். வெயில் ஏறுமுன் மூன்று மணி நேரம் நடக்கலாம். தண்ணீரும் தொப்பியும் கொண்டுவாருங்கள், சிறுபிள்ளைகளைப் பெரியவர்கள் கைபிடித்து அழைத்து வாருங்கள். சுத்தியல் மட்டும் யாரும் கொண்டுவர வேண்டாம். மழை கழுவி மேலே போட்டு வைத்திருப்பதைப் பார்த்து முடிக்கவே நமக்கு நேரம் போதாது.