ஆடும் ஸ்பாய்லரும் பின்னால் வருபவர் உயிரும்



பழைய காரை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. புரோட்டோன் சாகா 1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்தது. புரோட்டோன் வீரா 1993இல் வந்தது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இத்தகைய பழைய கார்களை இன்றும் காண்கிறோம். அவற்றுள் சிலவற்றின் பின்புறத்தில், பூட் மூடியின்மேல் சிறகு போன்ற ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதற்குப் பெயர் ஸ்பாய்லர். அது தளர்ந்து ஆடினால் என்ன செய்வது என்பதை இன்று பார்ப்போம்.

“அழகுக்கு வைத்ததுதானே, ஆடினால் ஆடட்டும்” என்று விட்டுவிடலாமா? கூடாது. வேகம் இரு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஊருக்குள் 55 கிலோமீட்டர் வேகத்தில் இலேசாக ஆடும் ஸ்பாய்லர், விரைவுச் சாலையில் 110 கிலோமீட்டரில் பிய்த்துக்கொண்டு போகலாம். அது யார்மேல் விழும்? கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப்பாதை உண்டு. எல்லாச் சாலைகளிலும் அந்த வசதி இல்லை. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் நம் பிள்ளைதான் அந்தக் காருக்குப் பின்னால் வந்துகொண்டிருப்பான்.

முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். காரணம் அறியாமல் பசையை அப்புவதில் பயனில்லை. ஸ்பாய்லரை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் ஆடுகிறது என்று தெரியும். பிறகு பூட்டைத் திறந்து, மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஸ்பாய்லரைப் பிடித்திருக்கும் நட்டுகள் அங்கே இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை 10 மில்லிமீட்டர் ஸ்பேனருக்கு அடங்கும்.

நட்டு மட்டும் தளர்ந்திருந்தால் வேலை சுலபம். அகலமான வாஷர் ஒன்றைப் போட்டு, இரு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். பலம் கொண்டமட்டும் முடுக்கினால் ஸ்பாய்லர் வெடித்துவிடும்.

அடியில் இருக்கும் ரப்பரையும் கவனியுங்கள். ரப்பர் நமக்குப் பழக்கமான பொருள். நாள்பட வெயிலில் கிடந்தால் அது காய்ந்து வெடிக்கும் என்பதை அறிவோம். அந்த வெடிப்பின் வழியே மழைநீர் இறங்கித் துளையைச் சுற்றித் துருவை உண்டாக்கும். அப்போது ஸ்பாய்லரைக் கழற்றி, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுத்து, துருத் தடுப்புச் சாயம் பூசி நன்றாகக் காயவிடுங்கள். பின்பு புது ரப்பர் வைத்து, துளையைச் சுற்றிச் சிலிக்கன் பூசிப் பொருத்துங்கள். தகடு துருவேறி ஓட்டை பெரிதாகியிருந்தால் பட்டறைக்குப் போவதே நல்லது.

சில ஸ்பாய்லர்கள் இருபக்க ஒட்டு நாடாவால் ஒட்டப்பட்டவை. பழைய நாடாவையும் எண்ணெய்ப் பசையையும் முழுதும் துடைத்து, ஈரமில்லாத இடத்தில் புது நாடாவை ஒட்டி, அழுத்திப் பிடியுங்கள். அன்றே காரைக் கழுவ வேண்டாம். ஒரு நாள் போகட்டும்.

ஸ்பாய்லருக்குள் பிரேக் விளக்கு இருந்தால், கழற்றும்போது வயரை இழுத்து அறுத்துவிடாதீர்கள். வேலை முடிந்ததும் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, பூட்டுக்குள் ஒழுகுகிறதா என்றும் சோதியுங்கள்.

இதற்கெல்லாம் இப்போது நேரமோ பணமோ இல்லையா? ஸ்பாய்லரைக் கழற்றி வீட்டில் வையுங்கள். அது இல்லாமலும் நம் சாதாரணக் கார் நன்றாகவே ஓடும். துளைகளை மட்டும் ரப்பர் அடைப்பான் போட்டு மூடிவிடுங்கள். அதில் பிரேக் விளக்கு இருந்திருந்தால், அதைப் பட்டறைக்காரரிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஒரு நட்டு சில காசுதான். அதை முடுக்க ஆகும் நேரமும் சில நிமிடங்கள்தான். பின்னால் வருபவர் யாரோ ஒரு வீட்டின் பிள்ளை என்பதை நினைத்து அந்தச் சில நிமிடங்களைச் செலவிடுவோம்.