காலும் அரைக்காலும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புலவர் பெருமக்கள் பேசிய இம்மேடையில், பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். இலக்கியம் பேச எனக்குத் தகுதியில்லை. கணக்குப் பேசுங்கள் என்றார் செயலாளர். நான் எடுத்துக்கொண்ட பொருள் பின்னம். முன்வரிசைச் சிறுவர்கள் இப்போதே முகம் சுளிப்பதைக் காண்கிறேன்.

நம் காலனிப் பிள்ளைகளிடம் அரையையும் காலையும் கூட்டச் சொன்னால், மேலெண்களைக் கூட்டி இரண்டு, கீழெண்களைக் கூட்டி ஆறு, ஆக ஆறில் இரண்டு என்று எழுதுவோர் பலர். ஆறில் இரண்டு என்பது மூன்றில் ஒன்று. அரையோடு காலைச் சேர்த்த பின் அரையைவிடக் குறைந்துபோயிற்று! காய்கறிக்காரர் இப்படிக் கூட்டினால் நம் தாய்மார்கள் விடுவார்களா? ஆனால் அதே பிள்ளையிடம், அரைக் கிலோ வெண்டைக்காயோடு கால் கிலோ சேர்ந்தால் எவ்வளவு என்று கேளுங்கள். தயங்காமல் முக்கால் என்பான். தாளில் தவறுவது நாவில் தவறுவதில்லை.

கீழெண் என்பது கூட்டுவதற்குரிய எண்ணன்று. அது துண்டின் பெயர். மேலெண், அத்துண்டு எத்தனை என்று சொல்வது. இரண்டு மாம்பழமும் மூன்று மாம்பழமும் ஐந்து மாம்பழம். மாம்பழம் என்ற பெயரை யாரும் கூட்டுவதில்லை. பெயர் வேறுபட்டால் முதலில் ஒரே பெயருக்குக் கொண்டுவர வேண்டும். அரையை இரண்டு கால் என்று சொல்லுங்கள். இன்னொரு காலைச் சேர்த்தால் மூன்று கால். முக்கால் என்ற சொல்லே அந்த விடைதான். மீச்சிறு பொது மடங்கு என்று பள்ளியில் அச்சுறுத்துவது இவ்வளவே.

நம் முன்னோர் வைத்த பெயர்களிலேயே கணக்கு அடங்கியிருக்கிறது. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. நான்கு காணி கொண்டது ஒரு மா. அதனோடு ஒரு காணி சேர ஐந்து காணி. எண்பதில் ஐந்து என்பது பதினாறில் ஒன்று. வீசம் என்பதும் அதுவே. காணியில் காற்பங்கு முந்திரி, அதாவது 320இல் ஒன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நிலத்தை மா, காணி, முந்திரி என்றும் அதற்குக் கீழும் அளந்து எழுதியிருக்கிறார்கள். காளமேகப் புலவரோ கச்சி ஏகம்பத்தைப் பாடிய வெண்பாவில் முக்கால் தொடங்கிப் பின்னப் பெயர்களைச் சிலேடையாகக் கோத்துவிட்டார்.

பெருக்கலுக்கும் சொல்லே துணை. அரைக்கால் என்றால் காலில் அரை, எட்டில் ஒன்று. பெருக்கினால் எண் குறைகிறதே என்று பிள்ளைகள் மலைக்கிறார்கள். பாதியில் பாதி குறையாமல் என்ன செய்யும்? முக்காலில் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு? மூன்று காலில் இரண்டு கால், ஆகவே அரை. பேனாவே தேவையில்லை.

வகுத்தலில்தான் பெரியவர்களும் தடுமாறுகிறார்கள். முக்கால் கிலோ காப்பித்தூளை அரைக்கால் கிலோப் பொட்டலங்களாகக் கட்டவேண்டும். ஒரு கிலோவுக்கு எட்டுப் பொட்டலம். முக்கால் கிலோவுக்கு எட்டில் முக்கால், அதாவது ஆறு. அரைக்காலால் வகுப்பதும் எட்டால் பெருக்குவதும் ஒன்றே. தலைகீழாக்கிப் பெருக்கு என்று ஆசிரியர் சொல்வதன் காரணம் இதுதான். காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்தவன் எதைத் தலைகீழாக்குவது என்று தேர்வில் விழிக்கிறான்.

நம் பழைய முறையில் குறை இல்லாமலில்லை. 320ஐ மூன்றால் மீதியின்றி வகுக்க இயலாது. மூன்றில் ஒன்றுக்கு மா, காணி போல் ஒரு சொல் அம்முறையில் இல்லை. 192 பை கொண்ட பழைய ரூபாயை மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்தணா நான்கு பை சரியாக வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு காசு ஆனபின் அந்த வசதி போயிற்று. ஓரணாவும் ஆறேகால் காசாகி, ஆறு என்று வைத்துக்கொள்ள நேர்ந்தது. ஆயினும் அலுவலகக் கணக்குக்குத் தசமமே எளிது. நாள்தோறும் பேரேடு எழுதுபவன் சொல்கிறேன், அதை விட்டுவிட வேண்டியதில்லை.

இங்கே கடைத்தெருவில் நம் பிள்ளைகள் பாவ், ஆதா, சவா, டேட், டாயி என்று அழகாகப் பேசுகிறார்கள். மகிழ்ச்சியே. ஒன்றேமுக்காலை இந்திக்காரர் பௌனே தோ, இரண்டுக்குக் கால் குறைவு, என்பார். நாம் ஒன்றோடு முக்காலைக் கூட்டுவோம். இரண்டும் தெரிந்த பிள்ளைக்குக் கூட்டலும் கழித்தலும் ஒருங்கே கைவந்துவிடும். ஆனால் வீட்டுக்குள்ளும் ஹாஃப், குவார்ட்டர் என்றே புழங்கினால் அரைக்காலும் வீசமும் இக்காலனியில் எங்கே கேட்கும்? தாய்மார்களே, எட்டுக் கிராம் பவுனில் ஒரு கிராம் வாங்கும்போது அரைக்கால் பவுன் என்று பிள்ளைகளின் காதில் விழச் சொல்லுங்கள்.

இளஞ்சிறார்களுக்கு ஒரு கேள்வி. ஒரு மா, ஒரு வீசம், ஓர் அரைக்கால் மூன்றும் சேர்ந்தால் எத்தனை காணி? விடை காலுக்கு மிக அருகில் வரும். எவ்வளவு குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சிற்றுண்டிப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருப்பேன். அங்கே வந்து சொல்லுங்கள்.