வீட்டிலிருந்தே பணி, உறவுகளை விட்டும் அல்ல





2020 மார்ச்சில் கொவிட்-19 தொற்றினால் நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, வீட்டிலிருந்து பணிபுரிதல் எம்மவரில் பலருக்கு அறிமுகமானது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு அதனை மீண்டும் அவசியமாக்கியது. அந்நெருக்கடிகள் நீங்கிய பின்னரும், மென்பொருள், கணக்கியல் போன்ற துறைகளில் எமது பிள்ளைகள் சிலர் வீட்டறையிலிருந்தே வெளிநாட்டு நிறுவனங்களுக்காகப் பணியாற்றுகின்றனர். பெற்றோரின் அருகிலிருந்து ஹலாலாகச் சம்பாதிக்கக் கிடைப்பது அல்லாஹ்வின் அருளாகும்.

எனினும் இவ்வருளில் ஒரு சோதனையும் உண்டு. நியூயோர்க்கில் காலை 9 மணி என்பது அங்கு கோடையெனில் எமக்கு மாலை 6.30, குளிர்காலமெனில் இரவு 7.30. மஃரிபுக்கும் இஷாவுக்கும் ஊர் பள்ளிவாசலில் கூடும் வேளையில் எமது இளைஞர் கணினியின் முன் அமர்கிறார். பின்னிரவில் பணி முடிந்து உறங்கினால் சுபஹ் தவறுகிறது. விழிக்கும்போது நண்பகல். வீட்டிலேயே இருக்கும் மகனை வாப்பா காண்பதோ வாரத்தில் ஓரிரு தடவைகள்!

ஸலாமுக்குப் பதிலுரைத்தல், நோயாளியை நலம் விசாரித்தல், ஜனாஸாவில் பங்கேற்றல், அழைப்பை ஏற்றல், தும்மியவருக்குத் துஆச் செய்தல் ஆகிய ஐந்தையும் ஒரு முஸ்லிம் மற்றவருக்குச் செய்யவேண்டிய கடமைகளாக நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். சிந்தித்துப் பாருங்கள். பூட்டிய அறைக்குள் இருந்துகொண்டு இவற்றை எவ்வாறு நிறைவேற்றுவது?

இளைஞர்களே, அலுவலக மணி இல்லாத வீட்டில் பாங்கோசையே உங்கள் மணியாகட்டும். தொழுகைக்கும் ஜும்ஆவுக்குமான நேரத்தை வேலையில் சேரும்போதே கேட்டுப் பெறுங்கள். இரவுப் பணியாயின், சுபஹுக்கு எழுப்புமாறு வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்; அஸரையேனும் நாள்தோறும் ஜமாஅத்துடன் தொழுங்கள். தொழுததும் ஓடிவராது, முதியவர் ஒருவரிடம் நலம் விசாரியுங்கள். பணிக்கென ஓரிடத்தை ஒதுக்குங்கள். கட்டில் அதுவாக வேண்டாம். பணி முடிந்ததும் கணினியை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள்.

பெற்றோர்களே, வீட்டில் இருக்கும் பிள்ளை வேலையற்ற பிள்ளையல்ல. பணி நேரத்தில் கடைக்கு அனுப்பாதீர்கள். அதேவேளை, சம்பளம் வருகிறதே என்று உணவை அறைக்கே அனுப்பிவிட்டு மௌனமாகவும் இராதீர்கள். ஒரு நேர உணவையாவது சேர்ந்து உண்ணுங்கள். மகளோ மருமகளோ இவ்வாறு பணிபுரிந்தால், சமையலறையின் முழுச் சுமையையும் அவர் மீதே ஏற்றாதீர்கள். வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவியவர்கள் எம் தூதர் (ஸல்) அவர்கள்.

சம்பாத்தியம் குடும்பத்திற்காகவே. அதற்காகக் குடும்பத்தையும் ஊரையும் இழப்பது நஷ்டமல்லவா?

எமது நேரத்திலும் உழைப்பிலும் உறவுகளிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.