வேகம் இருந்தும் குரல் உடைவது ஏன்?

வீட்டில் இணையத் திட்டம் வேகமானதுதான். ஆனாலும் ஊரிலிருக்கும் அம்மாவோடு வைஃபையில் பேசினால் குரல் துண்டு துண்டாக வருகிறது. பெரும்பாலும் அந்நேரம் பிள்ளை அடுத்த அறையில் காணொளி பதிவேற்றிக்கொண்டிருப்பான். அந்தத் தரவெல்லாம் ரௌட்டரின் ‘பஃபர்’ கிடங்கில் வரிசை கட்டி நிற்க, நம் குரல் கடைசியில் காத்துக்கிடக்கும். படத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். இன்னும் பேசாத பேச்சை எப்படி இறக்குவது? ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடியைத் தாண்டாதிருப்பது நலம் என்கிறது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம்.

இந்த வரிசையைச் சுருக்கவே 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸ், வேன் ஜேக்கப்சன் இருவரும் ‘கோடெல்’ முறையை வெளியிட்டார்கள். பதிவேற்றத்தை நிறுத்தியதும் குரல் தெளிந்தால், கோளாறு வரிசையில்தான். கூடுதல் கட்டணத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடுமுன், ரௌட்டரில் அவ்வசதி உண்டா என்று கேளுங்கள். கடைக்காரர் வேகத்தைப் பற்றியே பேசுவார், விடாதீர்கள்.