பற்றும் வரவும்

(கல்வி உதவித்தொகை வழங்கும் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வாண்டு உதவி பெறுவோருள் பெரும்பாலோர் பி.காம். வகுப்பில் சேர்ந்திருப்பதாகச் செயலாளர் அவர்கள் கூறினார்கள். "கணக்கியல் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு நீங்கள் சில சொற்கள் கூற வேண்டும்" என்றும் பணித்தார்கள். நான் தமிழ் படித்தவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன். கணக்கியலைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று தயங்கினேன். பிறகு, பேச வேண்டிய கடன் எனக்கு ஒன்று இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. அதனால் இசைந்தேன்.

கணக்கு என்னும் சொல் தமிழருக்குப் புதிதன்று. நம் எழுத்துகளின் வரிசைக்கு நெடுங்கணக்கு என்று பெயர். பதினெட்டு நூல்களைத் தொகுத்துப் பதினெண்கீழ்க்கணக்கு என்றனர். பாடம் சொல்லும் ஆசிரியரைக் கணக்காயர் என்றனர். எண்ணும் எழுத்தும் ஒரே சொல்லுக்குள் வாழ்ந்த மொழி நம்முடையது. ஆயினும் தமிழாசிரியனாகிய நான், 'கணக்கு வேறு துறை' என்று ஒதுங்கி நின்றதால் நேர்ந்த ஒரு பிழையை முதலில் உங்கள்முன் வைக்கிறேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், என்னிடம் மேல்நிலை வகுப்பில் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் பி.காம். சேர்ந்தார். உழவர் வீட்டுப் பிள்ளை. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள். சேர்ந்த மூன்றாம் மாதம் என் வீட்டுக்கு வந்து ஓர் ஐயம் கேட்டார்.

"ஐயா, வீட்டில் பணம் வந்தால் வரவு என்கிறோம். புத்தகத்தில் பணம் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று என்கிறார்கள். பணம் போனால் வரவு என்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பிலிருந்தே இது எனக்குப் பிடிபடவில்லை. கல்லூரியில் டெபிட், கிரெடிட் என்று ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள். தமிழே புரியாதபோது ஆங்கிலம் எப்படி ஐயா புரியும்?"

அன்று எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது. "அது வணிகவியல் ஆசிரியரைக் கேட்க வேண்டியது. விதியை மனப்பாடம் செய், மதிப்பெண் வந்துவிடும்" என்று கூறி அனுப்பிவிட்டேன். அவர் தலையசைத்துச் சென்றார். முதல் பருவத்தில் கணக்கியல் தாளில் தோற்றார். இரண்டாம் பருவத்திலும் தோற்றார். வீட்டில் சொல்ல அஞ்சி மறைத்தார். இரண்டாம் ஆண்டின் நடுவே கல்லூரியை விட்டு நின்றுவிட்டார். இவையெல்லாம் எனக்குப் பின்னர்தான் தெரியவந்தன.

சென்ற ஆண்டு ஒரு மளிகைக் கடையில் அவரைச் சந்தித்தேன். கடையின் கணக்கெழுதுபவர் அவர்தாம். மேசைமேல் வாடிக்கையாளரின் பற்றுவரவு நோட்டு விரிந்திருந்தது. சிரித்தபடி அதைக் காட்டிக் கூறினார்: "ஐயா, அன்று உங்களிடம் கேட்ட கேள்விக்கு இந்த நோட்டில் விடை கிடைத்துவிட்டது. ஐந்து கிலோ அரிசி கடனாக வாங்கிப் போனவர் பெயரில் பற்று எழுதுகிறேன். அவர் பணம் கட்டினால் அவரிடமிருந்து வரவு என்று எழுதுகிறேன். அன்றைக்கே இது தெரிந்திருந்தால்..." வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அவர் என்னைக் குறை கூறவில்லை. அதனால்தான் அது இன்னும் ஆழமாகத் தைத்தது.

வீட்டுக்கு வந்து, எங்களுடன் தங்கிப் பி.காம். படிக்கும் என் தம்பி மகளை அழைத்து, "உன் புத்தகத்தை எடு, எனக்குக் கற்பி" என்றேன். அறுபது வயதைக் கடந்து நான் கற்ற அந்தப் பாடத்தின் முதற்பகுதியை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

'வரவு செலவு' என்று வீட்டில் நாம் எழுதும்போது, நம்மைப் பற்றி நாமே பேசுகிறோம். நமக்கு வந்தது வரவு. நாம் செலவழித்தது செலவு. ஆனால் 'பற்று வரவு' என்பது கடைக்காரர் தம் எதிரே நிற்கும் ஒருவரைப் பற்றிக் கூறும் மொழி. அவர் எடுத்துக்கொண்டது பற்று. அவரிடமிருந்து வந்தது வரவு. பற்றுதல் என்றால் பிடித்தல், கைக்கொள்ளுதல். பற்றை அறுப்பது பற்றி நாள்தோறும் கேட்டு வளர்ந்த நமக்கு இச்சொல்லின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரட்டைப் பதிவு முறை செய்வது இதுதான்: ஒவ்வொரு கணக்கையும் எதிரே நிற்கும் ஓர் ஆளாகக் கருதுகிறது. ரொக்கப் பெட்டியும் ஓர் ஆள். பெட்டி பணத்தைப் பெற்றுக்கொண்டால் பெட்டியின் பெயரில் பற்று. பெட்டியிலிருந்து பணம் வந்தால் பெட்டியின் பெயரில் வரவு. ஒருவர் 50,000 ரூபாய் முதலிட்டுக் கடை தொடங்குகிறார் என்று கொள்வோம். பணத்தைப் பெற்றது பெட்டி. ஆகவே ரொக்கக் கணக்கில் 50,000 பற்று. பணம் வந்தது உரிமையாளரிடமிருந்து. ஆகவே முதல் கணக்கில் 50,000 வரவு. பெறுபவர் ஒருவர் இருந்தால் கொடுப்பவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும். ஆதலால் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் இரண்டு பதிவுகள். இரண்டும் ஒரே தொகை.

நீங்கள் வங்கியில் ஆயிரம் ரூபாய் செலுத்தினால் வங்கிப் புத்தகத்தில் அது வரவு என்று வருகிறது. உங்கள் ஏட்டிலோ வங்கிக் கணக்கில் பற்று என்று எழுத வேண்டும். இதில் முரண் ஏதுமில்லை. வங்கிப் புத்தகத்தில் பேசுவது வங்கி. 'உம்மிடமிருந்து வந்தது' என்கிறது அது. உங்கள் ஏட்டில் பேசுவது நீங்கள்; 'வங்கி பெற்றுக்கொண்டது' என்கிறீர்கள். யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்டாலே போதும். இது தன்மை, முன்னிலை, படர்க்கை என்று நான் ஆண்டுதோறும் நடத்திய இலக்கணம்! அன்று அந்த மாணவர் சரியான ஆசிரியரிடந்தான் வந்தார். ஆசிரியர்தான் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இம்முறையை விளக்கி 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் அச்சான நூலை எழுதியவர் லூக்கா பசியோலி. அவர் ஒரு துறவி. வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே கையாண்டு வந்ததை அவர் நூலாக்கினார். நம் மரபிலும், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த மகாவீராசாரியார் 'கணிதசார சங்கிரகம்' என்னும் வடமொழி நூலில் வட்டிக் கணக்குகளையும் எழுதி வைத்தார். பொருளைத் துறந்தவர்களும் பொருளின் கணக்கை இழிவாகக் கருதவில்லை. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது, வரிச் சட்டங்கள் இன்னும் மாறும். ஏட்டுக்குப் பதில் கணினியில் டாலி வந்துவிட்டது. ஆயினும் பெறுபவர் பற்று, கொடுப்பவர் வரவு என்ற அடிப்படை ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மாறவில்லை. அதைப் புரிந்துகொண்டவருக்குக் கூட்டாண்மைக் கணக்கும், நிறுமக் கணக்கும், அடக்கவிலைக் கணக்கும் அதன் கிளைகளே. புரியாமல் மனப்பாடம் செய்தவருக்கோ ஒவ்வொரு பருவமும் புதிய காடு.

மாணவச் செல்வங்களே, இனி உங்களுக்குச் சில சொற்கள்.

முதலாவது, புரியாததைக் கேளுங்கள். ஓர் ஆசிரியர் என்னைப்போல் திருப்பி அனுப்பினால் இன்னொருவரிடம் கேளுங்கள். மூத்த மாணவரிடம் கேளுங்கள். கடையில் கணக்கெழுதுபவரிடம் கேளுங்கள். கேட்பதில் இழிவில்லை.

இரண்டாவது, தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். லெட்ஜர் என்றால் பேரேடு. டிரையல் பேலன்ஸ் என்றால் இருப்பாய்வு. டெப்ரிசியேஷன் என்றால் தேய்மானம். பேலன்ஸ் ஷீட் என்றால் இருப்புநிலைக் குறிப்பு. மேல்நிலை வகுப்பில் நீங்கள் கற்ற சொற்கள்தாம் புதிய உடையில் வருகின்றன. நாளுக்கு ஐந்து சொல் எழுதினால் முதல் பருவம் முடிவதற்குள் அச்சம் விலகும்.

மூன்றாவது, கணக்கைக் கண்ணால் படிக்காதீர்கள், கையால் போடுங்கள். தீர்த்து வைத்த கணக்கைப் பார்த்தால் எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டுப் போடும்போதுதான் எது புரியவில்லை என்பது தெரியும்.

நான்காவது, ஒரு தாளில் தோற்றால் மறைக்காதீர்கள். தோல்வியைவிட மறைப்பே அந்த மாணவரைக் கல்லூரியிலிருந்து வெளியேற்றியது. தோற்ற தாளை அடுத்த பருவத்தில் மீண்டும் எழுதலாம். மறைத்த தாள் மனத்தில் வட்டி ஏற்றிக்கொண்டே போகும்.

பெற்றோர்களே, "வேறெதுவும் கிடைக்கவில்லை, அதனால் பி.காம்." என்று பிள்ளையின் காதுபடப் பேசாதீர்கள். வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடு பெற்றவர் பட்டயக் கணக்காளர் படிப்பின் அடிப்படைத் தேர்வை எழுதாமல் நேராக இடைநிலையில் சேர முடியும். வங்கி, தணிக்கை அலுவலகம், வரித்துறை, கூட்டுறவு, ஆசிரியப்பணி எனப் பல வாயில்கள் உண்டு. பட்டயக் கணக்காளர் தேர்வு கடினமானது. பலர் ஒரு முறைக்கு மேல் எழுதித்தான் வெல்கின்றனர். முதல் முயற்சியில் வெல்லாத பிள்ளையை உறவினர் முன்னிலையில் தலைகுனிய வைக்காதீர்கள்.

அறக்கட்டளைப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் வழங்கும் தொகை கட்டணத்தைக் கட்டும், ஐயத்தைத் தீர்க்காது. நம்மிடையே ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்களும் கணக்காளர்களும் இருக்கின்றனர். முதல் பருவத்தில் மட்டும், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், இந்தப் பிள்ளைகளோடு அவர்கள் அமர ஏற்பாடு செய்யுங்கள். சொற்களை விளக்கும் பணிக்கு நான் வருகிறேன், ஊதியம் வேண்டா.

நிறைவாக ஒன்று. இருப்பாய்வின் இரு பக்கமும் சமமாகிவிட்டால் கணக்கு சரி என்று நினைக்கிறோம். அப்படியன்று என்று என் தம்பி மகள் கற்பித்தாள். ஒரு நடவடிக்கையை ஏட்டில் எழுதாமலே விட்டுவிட்டால் இரு பக்கமும் சமமாகவே இருக்கும். பள்ளிக்கு வாங்கிய மேசையைச் சொத்து என்று எழுதாமல் பழுதுபார்ப்புச் செலவு என்று எழுதினாலும் சமமாகவே இருக்கும். முன்னது விடு பிழை. பின்னது விதிப் பிழை. கூட்டுத்தொகை இவற்றைக் காட்டிக் கொடுக்காது. எழுதுபவரின் நேர்மையும் தெளிவுமே காட்டிக் கொடுக்கும். நாளை நீங்கள் ஒரு நிறுவனத்தின் கணக்கில் கையெழுத்திடும்போது இதை மறவாதீர்கள்.

என் பணிக்காலக் கணக்கும் அப்படித்தான் இருந்தது. தேர்ச்சி விழுக்காடு, பாராட்டுச் சான்று, பிரிவுபசார விழா என எல்லாம் சமமாக இருந்தன. அந்த மாணவரின் கேள்வி மட்டும் ஏட்டில் ஏறாமல் விடுபட்டிருந்தது.

நல்ல கணக்காளர் தவறான பதிவைச் சுரண்டி அழிப்பதில்லை. திருத்தப் பதிவு ஒன்றை எழுதுகிறார். தவறும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும் என்பதே முறை. அந்த மாணவரின் மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் படிக்கிறாள். கடை நோட்டை வைத்தே அவர் அவளுக்குப் பற்றும் வரவும் சொல்லிக் கொடுக்கிறார். அவர் செய்யும் அந்தப் பணியை நான் இருபது ஆண்டு பிந்திச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். இவ்வுரையை என் திருத்தப் பதிவாக ஏற்றுக்கொள்ளுங்கள்.